சின்ன எழுத்துகள்

தேடல் முடிந்ததும் திரையில் நாற்பத்தொரு வரிகள் வந்து நின்றன. அதுவரை எத்தனை முறை சொல்லியும் உட்காராத இன்ஸ்பெக்டர் மாசானமுத்து, இப்போது ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாப்பத்தொண்ணு," என்றார். "கட்டுன புருசன் மூச்சுக்குழாய நாப்பத்தொரு தடவ கட்டவிரலால மூடியிருக்கா. இவ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கா."

ஜோயல் வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். திருநெல்வேலிக்கு வெளியே, காற்றாலைகளுக்கு நடுவே இருந்த அந்த நினைவாய்வு மையத்தில் அவன் புரோகிராமர். மற்றவர்களின் தலைக்குள்ளிருந்து வந்த எழுத்தில் தேடுவது அவன் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் யாராவது அவனைக் கூர்ந்து பார்த்தால், தன்னையும் படிக்கிறார்கள் என்று எழுந்து போய்விடுவான். பிறகு அவர்களே பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

நினைவைப் படிக்கும் இயந்திரம் படமாக எதையும் காட்டாது. மனிதனைப் படுக்கவைத்துத் தலையைச் சுற்றி வளையத்தைப் பொருத்தினால், அவன் நினைவில் இருப்பதெல்லாம் வரிவரியாக எழுத்தாக இறங்கும். செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் அது ஆங்கில எழுத்து. கண்ணும் காதும் தோலும் வாங்கி வைத்தவை, அதாவது நிஜமாக நடந்தவை, பெரிய எழுத்தில் வரும். மனம் தானாகச் செய்துகொண்டவை, ஆசையோ பயமோ கனவோ, சின்ன எழுத்தில் வரும். ஒரு மனிதனுக்குக் கோடிக்கணக்கான வரிகள். யாராலும் படித்து முடிக்க முடியாது. தேடத்தான் முடியும். அதற்குப் புரோகிராமர்கள் தினமும் பயன்படுத்தும் சாதாரண எடிட்டர் மென்பொருளே போதுமானதாக இருந்தது.

இப்போது திரையில் இருந்தது முப்பிடாதி என்ற கணக்கு ஆசிரியையின் நினைவு. அவள் கணவன் ஆவுடையப்பன் பக்கவாதத்தில் விழுந்து, கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியாக மூச்சு விட்டபடி ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். ஒருநாள் மத்தியானம் மூச்சடைத்து இறந்துபோனான். அண்ணி விரலை வைத்து மூடிக் கொன்றுவிட்டாள் என்று அவன் தம்பி புகார் கொடுத்தான்.

"இதப் பாருங்க சார்," என்ற ஜோயல், திரையின் மேல் ஓரத்தில் பெரிய ஏயும் சின்ன ஏயும் சேர்த்து வரைந்திருந்த, எழுத்தின் பெரிது சிறிதையும் பார்த்துத் தேடச் செய்யும் பொத்தானை அமுக்கினான். நாற்பத்தொன்று இருபத்தொன்பதாகக் குறைந்தது.

"பன்னெண்டு எங்க போச்சு?"

"அது சின்ன எழுத்து சார். நடக்காதது."

"அப்ப இருவத்தொம்போது நடந்திருக்குல்லா? அது போதாதா தூக்குல போட?"

"ஒவ்வொண்ணுக்கும் அடுத்த வரியப் பாருங்க. அவர் பேசுதாரு. அந்தக் குழாய விரலால மூடினாத்தான் காத்து தொண்டைக்கு ஏறும், சத்தம் வரும். தண்ணி கேக்கணும்னாகூட இவங்க மூடிப் பிடிக்கணும். 'ஃபேனக் கொற.' 'சுவத்துல பல்லி.' 'தம்பி வந்தானா?' இதான் எல்லாத்துலயும் இருக்கு."

மாசானமுத்து திரையைப் பார்க்காமல் ஜோயலைப் பார்த்தார்.

"இந்தப் பொத்தான மொதல்லயே அமுக்கியிருக்கலாம்லா? எதுக்கு அமுக்காமத் தேடுனீரு?"

"பழக்கம் சார். புரோகிராம் எழுதுறவங்க அநேகமா எல்லாரும் அப்படித்தான் தேடுவாங்க. ஒரே புரோகிராம பத்துப் பேர் எழுதியிருப்பான். ஒருத்தன் ஒரு பேரப் பெரிய எழுத்துல தொடங்குவான். இன்னொருத்தன் அதே பேர முழுக்கச் சின்னதுல எழுதுவான். மூணாவது ஆள் நடுவுல ஒரு எழுத்த மட்டும் பெருசாப் போடுவான். எவன் எப்படி எழுதுனான்னு தேடுறவனுக்குத் தெரியாது. எழுதுனவனுக்கே ரெண்டு மாசத்துல மறந்திரும். கறாராத் தேடுனா ஒண்ணு ரெண்டு தப்பிரும். தப்பிப் போனது தப்பிப் போச்சுன்னுகூட நமக்குத் தெரியாது. தளர்வாத் தேடுனா வேண்டாததும் நாலு வரும். வந்தா வரட்டும், கண்ணால பாத்துத் தள்ளிரலாம்."

"நல்ல பழக்கம்லா. எங்க டிபார்ட்மெண்ட்லயும் அதான். வேண்டாதவன் நாலு பேரையும் சேத்துத்தான் தூக்கிட்டு வருவோம். பொறவு தள்ளிக்கிடலாம்."

"தள்ளுவீங்களா சார்?"

மாசானமுத்து கையை நீட்டி, ஜோயல் அமுக்கிய பொத்தானைத் தானே மறுபடி அமுக்கி விடுவித்தார். நாற்பத்தொன்று திரும்பி வந்தது.

"ரிப்போர்ட்டுல இதான் வரணும்."

"ரெண்டையும் பிரிச்சுப் போட்டுத் தாரேன்."

"பிரிச்சா கேட்டேன் உம்மகிட்ட?" என்றார் அவர். போகும்போது சின்ன எழுத்து வரிகளில் ஒன்றை மட்டும் முன்னும் பின்னும் முழுதாக அச்செடுத்துக்கொண்டார். அதில் மத்தியான வெயில் இருந்தது. முப்பிடாதி இடது கையால் கணவனின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் குழாயை மூடினாள். மூச்சு நிற்கும்வரை எடுக்கவில்லை. மற்றவற்றைப் படிக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை.

நாற்பத்தொன்று என்ற எண் மறுநாளே செய்தியாகிவிட்டது. டீக்கடையிலும் பேருந்திலும் அந்த எண்ணைச் சொன்னாலே யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தது. முப்பிடாதியின் பள்ளியில் பிள்ளைகள் பலகையில் அதை எழுதி வைத்தார்கள். ஜோயல் அலுவலகத்தில் யாரிடமும் கேட்காமல் நீதிமன்றத்துக்குப் போய், தானே சாட்சி சொல்ல விரும்புவதாகச் சொன்னான்.

நீதிபதி சங்கரவடிவு அவன் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். குறுக்கிட்டவர் அரசு வக்கீல்.

"பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு பெரிய வித்தியாசம் சொல்றீங்க. தமிழ்ல ஏதுங்க அது? இந்தம்மா தமிழ்ல தானே நினைச்சிருப்பாங்க?"

சிலர் சிரித்தார்கள். கூண்டில் நின்ற முப்பிடாதி சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வகுப்பில் பேசுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய பார்வை அது. சிரிப்பு அடங்கியது.

"எழுத்து எந்த மொழியா இருந்தா என்ன, நடந்ததும் நினைச்சதும் வேற வேற," என்றான் ஜோயல். "ரெண்டையும் கலந்து தேடுறது என் வேலையில எனக்கு வசதி. அந்த வசதிய நான் இங்க கொண்டுவந்திருக்கக் கூடாது. அங்க கூடுதலா ஒரு வரி வந்தா தள்ளிட்டுப் போயிருவோம். இங்க ஒரு ஆளத் தள்ளிருவாங்க."

"உங்கள் கோரிக்கை என்ன?" என்று நீதிபதி கேட்டார்.

"சின்ன எழுத்த யாரும் தேடவே கூடாது. இந்த வழக்குல மட்டுமில்ல, எந்த வழக்குலயும். எதுக்காகவும் திறக்கக் கூடாது. திறந்தா இந்த அறையில இருக்கிற ஒருத்தர்கூட வீட்டுக்குப் போக முடியாது."

சங்கரவடிவு பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். தளர்வான தேடல் இனிச் செல்லாது; சின்ன எழுத்தை எதற்காகவும் திறக்கக் கூடாது. முப்பிடாதியின் நினைவிலிருந்து எடுத்த முதல் வாசிப்பு முறைகேடாகத் தேடப்பட்டதால் அது முழுவதும் முத்திரையிடப்படும். நினைவுக்குச் சொந்தக்காரர் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால் மட்டுமே திறக்கலாம். அப்படித் திறந்தால் இரு தரப்பும் அதன் ஒவ்வொரு வரியையும் படிக்க உரிமை உண்டு. போலீஸின் மேல்விசாரணை முடிந்தபின் இரண்டாவது வாசிப்பு எடுத்து, பெரிய எழுத்தில் மட்டும் தேட வேண்டும்.

வராந்தாவில் முப்பிடாதியை அழைத்துப் போனார்கள். ஜோயலின் அருகே வந்ததும் அவள் நின்றாள். நன்றி சொல்வாள் என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே பிறகு கூச்சமாக இருந்தது.

"எல்லாத்தையும் படிச்சீங்களோ?"

"தேடல்ல வந்தத மட்டும், டீச்சர்."

"வந்தத," என்றாள். "எங்க வீட்டுல அவுகளுக்குக்கூட அது தெரியாது. எங்கம்மைகிட்டகூட நான் வாயத் தொறந்ததில்ல. நீங்க காப்பி குடிச்சிக்கிட்டே படிச்சிருப்பீக."

அவன் தலையைக் குனிந்தான். உண்மையில் அன்று காப்பி குடித்திருந்தான்.

மேல்விசாரணை என்று நீதிபதி எழுதிய ஒரு சொல் மாசானமுத்துவுக்குப் போதுமானதாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போய், செய்ததைச் செய்துகாட்டச் சொல்லிப் படம் எடுப்பது போலீஸின் பழைய வழக்கம். முப்பிடாதியை அவள் வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். ஆவுடையப்பனின் கட்டிலில், கழுத்தில் குழாய் பொருத்திய ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தினார்கள். நான் செய்யவில்லை, எதைச் செய்துகாட்ட என்று அவள் கேட்டாள். நெனச்சல்லா, நெனச்சதச் செஞ்சு காட்டு என்றார் மாசானமுத்து. இடது கை நெற்றியில் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். வலது கட்டைவிரல் என்றார். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி செய்யச் சொன்னார்கள். கேமரா மறைத்தது என்று மறுபடி. மத்தியான வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் விழும்வரை காத்திருந்து மறுபடி. பல நாட்கள் அதையே செய்தார்கள். தொலைக்காட்சியில் முகத்தை மறைத்துக் காட்டிய அந்தப் படத்தை ஜோயல் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான். விரல் மட்டும் மறைக்கப்படவில்லை. அழுத்த வேண்டிய இடத்துக்கு அது தானாகப் போவதைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தான்.

இரண்டாவது வாசிப்பு வந்தது. இந்த முறை மாசானமுத்து நிற்கவில்லை. உள்ளே வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"பொத்தான அமுக்கிட்டேரா?"

"அமுக்கிட்டேன்."

"உம்ம சட்டம்லா. நல்லாப் பாத்துக்கிடும்."

முப்பது வரிகள் வந்தன. ஜோயல் ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டே போனான். தண்ணி. ஃபேன். பல்லி. தம்பி. இருபத்தொன்பதிலும் ஆவுடையப்பனின் குரல் இருந்தது. முப்பதாவதில் குரல் இல்லை. மத்தியான வெயில் இருந்தது. நெற்றியில் இடது கை இருந்தது. குழாய் வாயின் வளையத்தின் மேல் கட்டைவிரல் இருந்தது. அதன் கீழே முட்டி முட்டி நின்றுபோன காற்று இருந்தது. எல்லாம் பெரிய எழுத்தில்.

"இது அந்தப் பொம்ம சார்," என்றான்.

"பொம்மன்னா பொம்ம மூஞ்சிலா இருக்கணும்? எழுதியிருக்கத நீரே வாசியும். ஆவுடையப்பன் மூஞ்சி."

"விரலு அழுத்துனது பொம்மைய. மூஞ்சி மனசுல ஏற்கெனவே இருந்தது. அதே கட்டிலு, அதே வெயிலு. திரும்பத் திரும்பச் செய்ய வச்சா எல்லாத் தடவையும் ஒண்ணாகி, ரெண்டும் ஒட்டிக்கிடும். நினைவுக்குத் தேதி கிடையாது சார். மெசினுக்கு எப்ப நடந்ததுன்னு தெரியாது. உடம்பு பட்டதான்னு மட்டுந்தான் தெரியும். உடம்பு பட்டிருக்கு. நீங்க பட வச்சிருக்கீங்க."

"தம்பி," என்றார் மாசானமுத்து. முதல்முறையாக அவர் குரலில் கோபம் இல்லை. அது ஜோயலுக்கு இன்னும் பயமாக இருந்தது. "பெரிய எழுத்து நடந்தது, சின்ன எழுத்து நடக்காததுன்னு கோர்ட்டுல நின்னு சொன்னது ஆரு? நானா?"

ஜோயல் நீதிபதியிடம் ஓடினான். முதல் வாசிப்பு ஆவுடையப்பன் இறந்த பிறகு எடுத்தது. முப்பிடாதி அதைச் செய்திருந்தால் அப்போதே பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லை. அதே காட்சி அப்போது சின்ன எழுத்தில்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரே ஒருமுறை தளர்வாகத் தேடினால் போதும்.

சங்கரவடிவு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எதற்காகவும் திறக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் தீர்ப்பில் சேர்த்திருக்கிறேன், மிஸ்டர் ஜோயல். அதைக் காட்டி இதற்குள் மூன்று பேர் விடுதலையாகியிருக்கிறார்கள். இப்போது அந்த விதியை உடைக்கட்டுமா?"

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"முத்திரை எனக்குச் சொந்தமில்லை. அந்த அம்மாவிடம் கேளுங்கள்."

பெண்கள் சிறையில் பார்வையாளர் அறைக்கு நடுவே கம்பிவலை இருந்தது. வலையின் இருபுறமும் பெஞ்சு. முப்பிடாதி மெலிந்திருந்தாள். வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு பெண் காவலர் நின்றார். சம்மதம் என்றோ இல்லையென்றோ அவள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது அவர் வேலை.

ஜோயல் எல்லாவற்றையும் விளக்கினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப முன்னாடி நெனச்சேன், பொறவு செஞ்சேன்," என்றாள். "சின்ன எழுத்து வளந்து பெரிய எழுத்தாயிட்டு. அவ்வளவுதான?"

"இல்ல டீச்சர். மொத வாசிப்பு எடுத்ததே அவர் இறந்த பிறகு. அதுல பெரிய எழுத்துல இது இல்ல. நீங்க செஞ்சிருந்தா அன்னைக்கே இருந்திருக்கணும். கணக்கு டீச்சர் நீங்க. போட்டுப் பாருங்க."

அவள் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. கண்கள் வலையின் ஒரு கண்ணியில் நின்றன. பின்னால் காவலர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். வெளியே யாரோ தண்ணீர்க் குடங்களை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"கணக்கு சரிதான்," என்றாள் கடைசியில். "விரலு ஒத்துக்கிட மாட்டேங்கு. சோத்தப் பிசஞ்சா அந்தக் குழாய் வளையம் விரலுக்கடியில இருக்கு. காத்து முட்டுது. பொறவு முட்டல. நான் செய்யலன்னு நீங்க சொல்லுதீக. நான் செஞ்சது எனக்கு ஞாபகத்துல இருக்கு. நீங்க என் இடத்துல இருந்தா ஆர நம்புவீக?"

"மொத வாசிப்ப நம்புங்க. அத யாரும் தொடல."

"நீங்க தொட்டீகல்லா?"

வலைமேல் வைத்திருந்த கையை ஜோயல் எடுத்துக்கொண்டான்.

"நீங்கதான் மொதல்ல தோண்டுனது," என்றாள் அவள். "அந்த இன்ஸ்பெட்டரு கையில எடுத்துக் குடுத்தது நீங்க. பொறவு கோர்ட்டுல வந்து மூடணும்னு சொன்னதும் நீங்க. இப்ப தொறக்கணும்னு வந்து நிக்கிறதும் நீங்க. உங்களுக்கு என்ன, பொத்தான அமுக்குதீக, எடுக்குதீக."

"ஆமா," என்றான். "ஆனா திறந்தா நீங்க வெளிய வரலாம்."

அவள் சேலைக்குள்ளிருந்து கையை எடுத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சின்ன எழுத்துல பன்னெண்டு இருந்துச்சுன்னு சொன்னீக. பன்னெண்டும் நான் அவுகளக் கொல்லுறதா?"

ஜோயல் தயங்கினான். தேடலில் வந்தவற்றில் ஒன்றை அவன் முதல்நாளே ஒதுக்கியிருந்தான். விரல், கழுத்து என்ற சொற்களுக்காக வந்து மாட்டிய வரி அது. தேவையில்லாதது என்று கண்ணால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தான். அதையும் சேர்த்துத்தான் ஊர் நாற்பத்தொன்று என்று எண்ணியது.

"ஒண்ணு அப்படி இல்ல."

"என்ன?"

"பள்ளிக்கூடம் விட்டு நீங்க வாறீங்க. கேட்டுக்குப் பக்கத்துல அவர் நிக்கிறாரு. நடந்து வந்திருக்காரு. ஏதோ சொல்ல வாயெடுக்கிறாரு. நீங்க பழக்கத்துல கட்டவிரல அவர் கழுத்துக்குக் கொண்டு போறீங்க. அங்க குழாய் இல்ல. துளையும் இல்ல, தோலு மூடியிருக்கு. நீங்க விரல எடுக்காம நிக்கிறீங்க. 'பிள்ளைக பாக்குது, கைய எடு'ன்னு அவர் சொல்றாரு. தானாவே சொல்றாரு."

முப்பிடாதியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. காவலர் ஒருமுறை மணியைப் பார்த்தார், ஆனால் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

"இது எனக்கு ஞாபகத்துல இல்லயே," என்றாள். "ஆறுதலுக்கு நீங்களாச் சொல்லுதீகளோ?"

"இல்ல டீச்சர். இருந்தது. நான் படிச்சேன்."

"அவுக வேட்டி கட்டியிருந்தாகளா, பேண்ட்டா?"

"வேட்டி. அயர்ன் பண்ணின வேட்டி."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். சரியான விடை சொன்ன பிள்ளைக்கு ஆட்டுவதுபோல இருந்தது. பிறகு காவலருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"தொறந்தா ரெண்டு பக்கமும் எல்லா வரியையும் படிப்பாகன்னு சொன்னீக. மாசானமுத்துவும் இதப் படிப்பாரா?"

பொய் சொல்லலாம் என்று ஜோயலுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே சம்மதித்திருப்பாள்.

"படிப்பாரு."

"கோர்ட்டுல சத்தமா வாசிப்பாகளா?"

"வாசிப்பாங்க."

முப்பிடாதி எழுந்தாள். காவலர் பேனாவை எடுத்தார்.

"எழுதிக்கிடுங்க," என்றாள் அவரிடம். "சம்மதம் இல்ல."